கொசு விரட்டி ஓடையில் கரைந்தால்: மீன், தலைப்பிரட்டை, இறால் பற்றி ஒரு விவாதம்

நீர்ப்பறவை:

வணக்கம் நண்பர்களே. மழை விட்டதும் எங்கள் நடைபயணக் குழு வால்பாறைப் பக்கம் போகிறது. கொண்டுவர வேண்டிய பொருட்களில் முதல் வரியே கொசு விரட்டிதான். அட்டை கடிக்காமல் இருக்கவும் பலர் அதையே காலில் தேய்த்துக்கொள்கிறார்கள். நடந்து களைத்ததும் எல்லோரும் ஓடையில் இறங்கிக் குளிப்பது வழக்கம். பூசியதில் பெரும் பங்கு அந்த ஓடைக்கே போய்விடுகிறது. கேட்டால் "ஓடுற தண்ணிதானே, என்ன ஆகிடும்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை.

காரணம், 2018 அக்டோபர் கடைசியில் 'பயாலஜி லெட்டர்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு. நியூயார்க் மாநிலத்தில் மில்புரூக் என்ற ஊரில் இருக்கும் கேரி சூழலியல் ஆய்வு நிறுவனத்தார் செய்தது. அந்தப் பக்கத்துக் காடுகளில் பனி உருகும் காலத்தில் குட்டைகள் தேங்கும், வெயில் ஏறினால் வற்றிவிடும். வற்றிப்போகும் குட்டை என்பதால் மீன் இருக்காது. அங்கே கொசுப்புழுவைத் தின்று மட்டுப்படுத்துவது புள்ளிச் சலமாண்டரின் குஞ்சுகள். சலமாண்டர் பார்ப்பதற்குப் பல்லி மாதிரி இருந்தாலும் தவளைக்குத்தான் உறவு. குஞ்சாக இருக்கும்போது கழுத்தோரம் இறகு போன்ற செவுளோடு தண்ணீரிலேயே வளரும்.

கடையில் விற்கும் இரண்டு விரட்டிகளை வாங்கி, குட்டைகளில் உண்மையில் சேரக்கூடிய சிறு அளவுகளில் கலந்து, அந்தக் குஞ்சுகளையும் கொசுப்புழுக்களையும் வளர்த்துப் பார்த்தார்கள். டீட் என்ற மருந்து உள்ள விரட்டியால் குஞ்சுகள் சாகவில்லை. பிக்காரிடின் என்ற மருந்து உள்ளதில் நான்கு நாள் கழிந்ததும் வால் கோணலாக வளர ஆரம்பித்தது. 25 நாளில் 45 முதல் 65 சதவீதம் குஞ்சுகள் செத்துவிட்டன. கொசுப்புழுக்களோ இரண்டிலும் ஒரு சேதமும் இல்லாமல் வளர்ந்து கொசுவாகிப் பறந்தன.

கொசுவிடமிருந்து தப்பிக்கப் பூசுவது, கொசுவைத் தின்னும் பிராணியைக் கொன்று கொசுவை விட்டுவைக்கிறது. இதைப் படித்த பிறகு "ஓடுற தண்ணிதானே" என்று என்னால் இருக்க முடியவில்லை. நம் ஊர் நிலவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மதுரைச் செவிலி:

தம்பி, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இந்தப் பதிவை யாராவது பாதி வெட்டி வாட்ஸாப்பில் பரப்பினால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் வார்டில் பார்ப்போம். 2012லும் 2017லும் டெங்கு வந்தபோது கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்துப் பிள்ளைகளைப் படுக்கவைத்தோம். டெங்குக் கொசு பகலில் கடிக்கும் கொசு. ராத்திரி வலை கட்டுவதால் மட்டும் அதைத் தடுக்க முடியாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக் கையிலும் காலிலும் பூசி அனுப்புவதுதான் பல தாய்மாருக்குக் கையில் இருக்கும் ஒரே வழி. அதை விட்டுவிடச் சொல்கிற மாதிரி இங்கே யாரும் எழுதிவிட வேண்டாம்.

இன்னொன்று. நீங்கள் சொன்ன ஆய்விலேயே டீட் எதையும் கொல்லவில்லையே. அப்படியானால் பொதுவாகக் 'கொசு விரட்டி' என்று தலைப்பில் எழுதுவது சரியா?

நீர்ப்பறவை:

அக்கா, ஒருவரையும் விடச் சொல்லவில்லை. பூசிக்கொண்டு ஓடையில் இறங்கலாமா என்பதுதான் என் கேள்வி. டெங்கு இருக்கும் ஊரில் பூசுவதும் மலை ஓடையில் கழுவுவதும் வேறு வேறு விஷயம் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

கொளத்தூர் மீன்தொட்டி:

நான் சென்னை கொளத்தூரில் அலங்கார மீன் தொழிலில் இருப்பவன். உடம்பில் பூசுவது பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. பிளக்கில் சொருகும் லிக்விட் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் வாடிக்கையாளர்கள் செத்த மீனைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு வந்து நிற்பது எங்களிடம்தான்.

முதலில் போவது இறால். செர்ரி இறால் வளர்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சாதாரணமாகப் பாசியை மேய்ந்துகொண்டு நிதானமாக நடக்கிற பிராணி, திடீரென்று தொட்டி முழுக்கச் சுண்டிவிட்டதுபோல் தாவும். அப்புறம் பக்கவாட்டில் சாயும். சாய்ந்த பிறகும் அடிவயிற்றுக் கால்கள் மட்டும் விடாமல் துடிக்கும். கண்ணாடி மாதிரி இருந்த உடம்பு பால் கலந்ததுபோல் வெளுக்கும். மீன் என்றால் மேலே வந்து வாய் பிளக்கும், செவுள் வேகமாக அடிக்கும், சுழன்று சுழன்று நீந்திக் கண்ணாடியில் முட்டும். வாங்கியவர் தண்ணீரைச் சோதிப்பார், அமோனியா இல்லை, பி.எச். சரி, என்னவென்றே புரியாது. "ரூமில் கொசு மருந்து வைத்தீர்களா" என்று கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். காற்று பம்ப் அந்த அறைக் காற்றைத்தான் இழுத்து நேரே தண்ணீருக்குள் குமிழ் குமிழாக விடுகிறது. மருந்து உள்ளே போக அதைவிட நல்ல வழி இருக்க முடியாது.

தொட்டியில் நடப்பது குளத்திலும் நடக்காதா என்பது எனக்கு நெடுநாள் கேள்வி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கண்ணாடிக்குடுவை:

நான் வேதியியல் ஆசிரியர். இங்கே இரண்டு வேறு வகை மருந்துகளை ஒரே பெயரில் பேசிக்கொண்டிருக்கிறோம், அதைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

உடம்பில் பூசுவது ஒரு வகை. டீட், பிக்காரிடின் எல்லாம் இதில் வரும். டீட் 1940களில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது, 1957ல் பொதுமக்கள் கைக்கு வந்தது. பிக்காரிடின் 1980களில் பேயர் நிறுவனம் உருவாக்கியது. மிளகுக்குக் காரம் தரும் பைப்பரினின் அமைப்பை ஒட்டிச் செய்தது. நம் கடைகளில் கிடைக்கும் ஓடோமாஸ் டியூபைத் திருப்பிப் பாருங்கள், என்,என்-டைஎதில் பென்சமைடு 12 சதவீதம் என்று இருக்கும். அது டீட்டுக்கு மிக நெருங்கிய உறவு, ஒரு மெத்தில் தொகுதிதான் குறைவு. இவை கொசுவைக் கொல்வதற்கானவை அல்ல, கிட்டே வராமல் செய்பவை.

அறையில் கொளுத்துவதும் சொருகுவதும் இன்னொரு வகை. அலெத்ரின், பிராலெத்ரின், டிரான்ஸ்ஃபுளூத்ரின், மெட்டோஃபுளூத்ரின். எல்லாம் பைரித்ராய்டு குடும்பம். 'விரட்டி' என்ற பெயரில் விற்றாலும் இவை பூச்சிக்கொல்லிகள். நரம்பில் சோடியம் போய்வரும் வாயில் ஒன்று உண்டு. அதை மூடவிடாமல் பிடித்துவைப்பது இவற்றின் வேலை. நரம்பு ஓயாமல் துடித்துத் துடித்துக் களைத்துச் செயலிழக்கும். கொளத்தூர் அண்ணன் சொன்ன அந்தக் கால் துடிப்பு அதுதான். மனித உடலில் இந்த மருந்தை உடைத்துப்போடும் நொதிகள் தாராளமாக வேலை செய்கின்றன. மீனுக்கு அந்த வசதி குறைவு. போதாக்குறைக்குச் செவுள் வழியாக நேரே ரத்தத்தில் ஏறிவிடும்.

இனிக் கணக்கு. குளிர்நீர் மீனான டிரவுட்டில் பாதியை நான்கு நாளில் கொல்ல டீட் ஒரு லிட்டர் தண்ணீரில் 70 மில்லிகிராமுக்குச் சற்று மேலே வேண்டும். டிரான்ஸ்ஃபுளூத்ரினுக்கு 1 மைக்ரோகிராம்கூட வேண்டாம், 0.7 போதும். கிட்டத்தட்ட ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம்.

பிளக்கில் சொருகும் 45 மில்லி குப்பியில் 1.6 சதவீதம் டிரான்ஸ்ஃபுளூத்ரின் என்று அட்டையில் போட்டிருக்கும். அதாவது மொத்தம் சுமார் 700 மில்லிகிராம். குப்பி இரண்டு மாதம் வந்தால் ஒரு இரவுக்கு 10 மில்லிகிராமுக்குச் சற்று மேல் காற்றில் கலக்கிறது. 50 லிட்டர் தொட்டியில் அந்த 0.7 அளவை எட்ட 35 மைக்ரோகிராம் கரைந்தால் போதும். ஒரு இரவு வெளிவருவதில் முந்நூறில் ஒரு பங்கு. இறால் ஏன் சாகிறது என்று இனி ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நீர்ப்பறவையின் ஓடைக்கு வருவோம். ஒருவர் உடம்பில் 12 சதவீதக் களிம்பு 2 கிராம் பூசினால் மருந்து 240 மில்லிகிராம். நான்கு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழமுள்ள ஒரு தேங்கலில் 10,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் ஒருவர் இறங்கி முழுவதும் கரைந்தாலும் லிட்டருக்கு 24 மைக்ரோகிராம். டீட்டின் கொல்லும் அளவோடு ஒப்பிட்டால் மூவாயிரத்தில் ஒரு பங்கு. இப்படிப் பார்த்தால் செவிலி அம்மா சொல்வது சரி, பயப்பட வேண்டாம்.

ஆனால் அந்தக் 'கொல்லும் அளவு' என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மீனுக்கு 96 மணி நேரச் சோதனை, நீர்த்தெள்ளான டாப்னியாவுக்கு 48 மணி நேரம். கேரி நிறுவன ஆய்வில் சலமாண்டர் குஞ்சுகள் பெரும்பாலும் செத்தது நான்கு நாளுக்குப் பிறகு. வழக்கமான சோதனையோடு நிறுத்தியிருந்தால் அந்த விரட்டி 'தண்ணீருக்குப் பாதகமில்லை' என்று பெயர் வாங்கியிருக்கும். எனக்கு அந்த ஆய்வில் மிக முக்கியமாகப் படுவது இதுதான். 25 நாள் பொறுத்ததால்தான் சாவு கண்ணுக்குத் தெரிந்தது. அட்டையில் உள்ள 'பாதுகாப்பானது' என்ற சொல் எத்தனை நாள் சோதனையின் மேல் நிற்கிறது என்று கேட்காமல் அதை ஏற்கக் கூடாது.

பாபநாசத்தான்:

ஆசிரியர் ஐயா ஒரு ஆளை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டார். எங்கள் ஊரில் ஆடி அமாவாசைக்கு வந்து பாருங்கள். தாமிரபரணிப் படித்துறையில் இறங்குகிறவர்களை எண்ணி முடியாது. எண்ணெய், சோப்பு, ஷாம்பு பாக்கெட், கழற்றி விட்ட துணி எல்லாம் ஆற்றில்தான். கொசு விரட்டி பூசி வந்தவர்கள் அதில் எத்தனை பேரோ.

தோலில் போடுவது ஆற்றுக்குப் போவதில்லை என்று சொல்கிறவர்களுக்கு: திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011ல் வெளியிட்ட ஆய்வில் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி மூன்றிலும் டிரைக்ளோசானைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். சோப்பிலும் பற்பசையிலும் கிருமி கொல்லப் போடுவார்களே, அது. எங்கள் தாமிரபரணியில் அளவு அதிகமாகவே இருந்தது. சோப்பு வந்த அதே வழியில் விரட்டியும் வரும்.

குற்றாலத்தில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு போட்டு அருவியில் நிற்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது. கொசு விரட்டியையும் அந்த வரிசையில் சேர்த்தால் என்ன?

கண்ணாடிக்குடுவை:

பாபநாசத்தான் சொன்னதற்கு அமெரிக்கக் கணக்கு ஒன்று துணை. அந்த நாட்டின் புவியியல் ஆய்வு நிறுவனம் 1999, 2000 ஆண்டுகளில் 30 மாநிலங்களில் 139 ஓடைகளின் தண்ணீரைச் சோதித்தது. ஊருக்கும் கால்நடைப் பண்ணைக்கும் கீழ்ப்பக்கம் ஓடுபவையாகப் பார்த்தே எடுத்தார்கள். டீட் உண்டா என்று பார்த்த இடங்களில் நான்கில் மூன்றில் இருந்தது. அளவு பெரும்பாலும் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே. அங்கே ஆற்றில் யாரும் கூட்டம் கூட்டமாகக் குளிப்பதில்லை. வீட்டுக் குளியலறையிலும் துணி துவைக்கும் இயந்திரத்திலும் கழுவியது சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையம் போய், அங்கே முழுக்கச் சிதையாமல் ஆற்றுக்கு வந்தது. ஓடையில் குளிக்காமல் வீட்டுக்கு வந்து குளித்தால் எல்லாம் தீர்ந்துவிடாது, ஆனாலும் நேரே ஓடையில் கரைப்பதைவிடப் பல மடங்கு மேல். இடையில் மண்ணும் நுண்ணுயிரும் ஒரு பங்கைச் சிதைக்க நேரம் கிடைக்கிறது.

மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் சுண்ணாம்புப் பாறை உள்வாங்கி உண்டான நன்னீர்க் கிணறுகள் நிறைய உண்டு, செனோட்டே என்பார்கள். அங்கே இறங்குவதற்கு முன் ஷவரில் குளித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். வெயில் களிம்பும் கொசு விரட்டியும் கூடாது. குற்றாலத்துக்கும் பொருந்தும் ஏற்பாடு.

வேப்பமரத்தடி:

இவ்வளவு ரசாயனம் எதற்கு? நொச்சி, வேப்பெண்ணெய், எலுமிச்சைப்புல் எண்ணெய் என்று நம்மிடம் இல்லாததா? சென்னை மாநகராட்சியே வீட்டுக்கு வீடு நொச்சிக் கன்று கொடுத்ததே. இயற்கையானதைப் பூசினால் மீனுக்கு ஒன்றும் ஆகாது.

கொளத்தூர் மீன்தொட்டி:

வேப்பமரத்தடி ஐயா, தவறாக நினைக்க வேண்டாம். 'ஹெர்பல்' என்று எழுதிய எண்ணெயைக் கையில் பூசிக்கொண்டு தொட்டிக்குள் கைவிட்டு டாப்னியாவைக் கொன்றவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். எண்ணெய் மேலே படலம் கட்டினால் காற்று இறங்காது, அது ஒரு பிரச்சினை. வேப்பெண்ணெயே சின்ன நீர்ப்பூச்சிகளுக்கு ஆகாது.

கண்ணாடிக்குடுவை:

அதோடு, பைரித்ராய்டுகளின் மூலமே செடிதான். பைரித்ரம் என்பது ஒரு வகைச் செவ்வந்திப் பூவைப் பொடித்து எடுப்பது. சுத்தமான இயற்கைப் பொருள், மீனுக்குக் கொடிய விஷம். நம் மலைக்காடுகளில் மருக்காரைக் காயை இடித்துக் குட்டையில் கரைத்து மீன் பிடிப்பது பழைய பழக்கம், மீன் மயங்கி மேலே வந்து மிதக்கும். அந்தக் காயும் காட்டில் தானாகக் காய்த்ததுதான். செடியிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று செவுளுக்குத் தெரியாது. எவ்வளவு, எத்தனை நாள், எந்தப் பிராணி என்றுதான் பார்க்க வேண்டும்.

வடமராட்சிக் கிணறு:

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே நாங்கள் நுளம்பு என்போம், நுளம்புத்திரி கொளுத்தாத வீடு மழைக்காலத்தில் இல்லை. எங்களுக்கு ஆறு கிடையாது, கிணறுதான் எல்லாம். சுண்ணாம்புக்கல் நிலம். கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாழைக்குப் போய், வெடிப்பு வழியாக மறுபடி நிலத்தடிக்கே இறங்கும். அதனால் இந்தப் பேச்சு எங்களுக்கு மிகவும் கிட்டிய பேச்சு.

நீர்ப்பறவை சொன்ன சலமாண்டர் எங்கள் பக்கமும் இல்லை, உங்கள் பக்கமும் இல்லை. அந்த வேலையை இங்கே தவளைக் குஞ்சு செய்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தார் 2013ல் வெளியிட்ட ஆய்வில், இலங்கைத் தவளை, தேரை இனங்களின் வாற்பேத்தைகள் டெங்கு நுளம்பின் முட்டைகளைத் தின்பதைக் காட்டினார்கள். வாற்பேத்தை என்பது நீங்கள் சொல்லும் தலைப்பிரட்டை. பாசியை மட்டும் மேயும் என்று நாங்கள் நினைத்திருந்த குஞ்சுகளும் முட்டை தின்றன. அப்படியான பிராணிக்குத் தோல் மெல்லியது, தண்ணீரில் உள்ளது எல்லாம் தோலாலேயே உள்ளே போகும். விரட்டி பூசிய கையால் தவளையைப் பிடிக்க வேண்டாம் என்று ஊர்வன ஆய்வு செய்யும் பொடியன்கள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். கையில் பிடிக்கவே கூடாது என்றால், அது வளரும் குட்டையில் கரைக்கலாமா?

மதுரைச் செவிலி:

யாழ்ப்பாணத்து அண்ணா எழுதியது மனதில் பட்டது. தலைப்பிரட்டை டெங்குக் கொசு முட்டையைத் தின்னும் என்பது எனக்குப் புதிது. பூசாதே என்று யாரும் சொல்லவில்லை என்பதும் தெளிவாகிவிட்டது, அந்த மட்டில் எனக்கு நிம்மதி.

எங்கள் பக்கத்து நிலவரம் ஒன்று. டி.பி.சி. எனப்படும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து டிரம், தொட்டிகளில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் ஊற்றுவார்கள். டெமிஃபாஸ் என்பது அதன் மருந்து. கிணற்றில் கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன் விடுவதும் உண்டு. அபேட் ஊற்றிய கிணற்றில் மீன் உயிரோடு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் அது பரவாயில்லையா?

கொளத்தூர் மீன்தொட்டி:

அக்கா, சொல்லப்பட்ட அளவில் ஊற்றினால் மீன் தாங்கும். டாப்னியா தாங்காது. மீன் உயிரோடு இருக்கும், அது தின்ன வேண்டிய சின்னப் பூச்சி போய்விடும். தட்டான் பூச்சியின் குஞ்சு தண்ணீரில்தான் இருக்கும், கொசுப்புழுவை அது தின்னும் வேகத்தை ஒரு தடவை கண்ணாடித் தொட்டியில் பார்த்தால் மறக்க மாட்டீர்கள். தாடை மடித்து வைத்திருக்கும், புழு நெளிந்ததும் அந்தத் தாடை முன்னால் பாய்ந்து பிடித்துக்கொள்ளும். குடிநீர்த் தொட்டியில் அபேட் ஊற்றுவது சரி, அங்கே தட்டான் வாழப் போவதில்லை. அதைக் குளத்திலும் வாய்க்காலிலும் ஊற்றக் கூடாது.

கண்ணாடிக்குடுவை:

குளத்துக்கு பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து எவ்வளவோ மேல். மீனுக்கும் தவளைக்கும் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் அதுவும் கொசுவோடு நிற்பதில்லை, அதன் உறவினங்களான சின்ன ஈ வகைகளையும் குறைக்கும். பிரான்சின் கமார்க் ஈரநிலத்தில் பி.டி.ஐ. தெளித்த இடங்களில் தகைவிலான் பறவைகள் கூட்டுக்குக் குறைவான குஞ்சுகளையே வளர்த்தன என்று 2010ல் ஓர் ஆய்வு வந்தது. இரை குறைந்துவிட்டது, அவ்வளவுதான் காரணம்.

கிகோமா வாசி:

டான்சானியாவில் வேலை பார்க்கும் தமிழன் நான். இங்கே தங்கனிக்கா ஏரிக்கரையில் நடப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். மலேரியாவுக்கு இலவசமாகத் தரும் மருந்து ஏற்றிய கொசுவலையை மீன் பிடிக்கப் பயன்படுத்துகிறார்கள். 2014ல் 'மலேரியா ஜர்னல்' இதழில் வந்த கணக்கெடுப்பில் கரையோர வீடுகளில் பெரும்பாலானவை அதைச் செய்வதாகச் சொல்லியிருந்தன. இரண்டு விதத்தில் கெடுதல். வலைக்கண் பொடி என்பதால் நேற்றுப் பொரித்த குஞ்சுவரை வாரிக்கொண்டு வருகிறது. வலையில் ஏற்றியிருப்பது பெர்மெத்ரின் மாதிரியான பைரித்ராய்டு, மேலே ஆசிரியர் சொன்ன அதே குடும்பம். அது தண்ணீரில் கழன்று வரும். வலை கொடுத்தவர்களையும் குறை சொல்ல முடியவில்லை, மலேரியாவில் இங்கே குழந்தைகள் சாகிறார்கள். மீன் பிடிப்பவர்களையும் சொல்ல முடியவில்லை, நல்ல வலை வாங்கக் காசு இல்லை. பழைய வலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதியது கொடுத்தால் ஓரளவு குறையும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீர்ப்பறவை:

ஆசிரியரிடம் ஒன்று கேட்க வேண்டும். பைரித்ராய்டு வெயிலில் சிதைந்துவிடும், தண்ணீரில் நிற்காது என்று ஒரு கடைக்காரர் சொன்னார். உண்மையா?

கண்ணாடிக்குடுவை:

பாதி உண்மை. தண்ணீரில் மிதந்து நிற்காது, ஏனென்றால் தண்ணீரைவிட மண்ணில் ஒட்டிக்கொள்ள அதற்கு விருப்பம் அதிகம். வெளிச்சம் படாத அடிச்சேற்றில் மாதக்கணக்கில் கிடக்கும். கலிஃபோர்னியாவின் ரோஸ்வில் என்ற ஊரில் பிளசன்ட் குரோவ் ஓடைச் சேற்றை பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டொனால்ட் வெஸ்டன் குழுவினர் எடுத்துப் பார்த்தார்கள், 2005ல் வெளியானது. சுற்றிலும் வீடுகள்தான், வயல் கிடையாது. புல்தரையிலும் சுவரோரத்திலும் வீட்டுக்காரர்கள் தெளித்த பைரித்ராய்டு மழையில் கழுவி ஓடையில் சேர்ந்திருந்தது. அந்தச் சேற்றில் விட்ட ஹையலெல்லா என்ற சின்ன நீர் ஓட்டுடலிகள் செத்தன. கண்ணால் பார்த்தால் ஓடை தெளிவாகத்தான் இருந்திருக்கும். அதுவரை பூச்சிமருந்து என்றாலே விவசாயிதான் குற்றவாளி என்று பேசிக்கொண்டிருந்தோம். வீட்டில் தெளிப்பதும் கணக்கில் வரும் என்று அந்த ஆய்வு காட்டியது.

ஒரு நியாயமும் சொல்லிவிட வேண்டும். கேரி நிறுவனத்தார் சோதித்தது கடையில் வாங்கிய முழுத் தயாரிப்பை, சுத்தமான பிக்காரிடினை மட்டும் அல்ல. குப்பியில் மருந்தோடு வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்பதைக் கம்பெனிகள் முழுக்கச் சொல்வதில்லை. குஞ்சைக் கொன்றது மருந்தா, துணைப் பொருளா, இரண்டும் சேர்ந்தா என்பதை அந்தச் சோதனை பிரிக்கவில்லை. ஆனால் ஓடைக்குப் போவது முழுக் குப்பிதானே. கம்பெனிகள் உள்ளடக்கம் முழுவதையும் அட்டையில் போட வேண்டும், சோதனை நான்கு நாளோடு நிற்கக் கூடாது. அரசிடம் கேட்க வேண்டியது இந்த இரண்டும்தான் என்பது என் கருத்து.

மதுரைச் செவிலி:

நடைபயணம் போகிறவர்களுக்கு என் பங்குக்கு. முழுக்கைச் சட்டை, கணுக்கால் மூடும் காலுறை, அதன் மேல் அட்டை ஏறாமல் தடுக்கும் துணி உறை. இவை இருந்தால் பூச வேண்டிய இடம் முகம், கழுத்து, கையோடு முடிந்துவிடும். துணிக்கு உள்ளே பூசுவதால் பயனில்லை, வீண். ஓடையில் இறங்க ஆசை என்றால் காலையில் பூசுவதற்கு முன்னால் இறங்கிவிடுங்கள். பூசிய பிறகு என்றால், கரையிலிருந்து தள்ளி வந்து வாளித் தண்ணீரில் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் தண்ணீரை மண்ணில் ஊற்றுங்கள். மருந்து ஏற்றிய துணி இருந்தால் ஓடையில் அலசவே வேண்டாம். கைக்குழந்தைக்கு எதையும் பூசும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

பாபநாசத்தான்:

தீர்ந்துபோன குப்பியைக் கழுவி ஊற்றுகிறார்களே, அதையும் சொல்லுங்கள் அக்கா. எங்கள் தெருவில் சாக்கடை நேரே வாய்க்காலில், வாய்க்கால் நேரே ஆற்றில்.

மதுரைச் செவிலி:

கழுவவே கூடாது. மூடி போட்டு அப்படியே குப்பையில், அபாயக் கழிவு தனியாக வாங்குகிற ஊரில் அதில்.

சிறுதொட்டி:

இப்போதுதான் உறுப்பினரானேன். அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டாவது மாடி. நாளைக் காலை புகை மருந்து அடிக்க வருகிறார்களாம். வீட்டில் இரண்டு அடித் தொட்டியில் செர்ரி இறாலும் கப்பி மீனும் இருக்கின்றன. என்ன செய்வது? அவசரம்.

கொளத்தூர் மீன்தொட்டி:

பதறாதீர்கள். வண்டிச் சத்தம் கேட்பதற்கு முன்பே ஜன்னல், பால்கனிக் கதவு எல்லாம் சாத்திவிடுங்கள். கதவடி இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். காற்று பம்பை நிறுத்திவிட்டு, தொட்டியைப் பிளாஸ்டிக் தாளால் இறுக மூடி, மேலே ஈரத்துணி போடுங்கள். கூட்டம் அதிகமில்லாத தொட்டி என்றால் பம்ப் இல்லாமல் ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும். தண்ணீருக்குள்ளேயே இருக்கும் ஃபில்டர் ஓடலாம், வெளிக்காற்றை இழுக்கும் குழாயை மட்டும் கழற்றிவிடுங்கள். புகை அடங்கியதும் முதலில் வீட்டை நன்றாகத் திறந்து காற்றோட்டம் விடுங்கள், அதன் பிறகுதான் மூடியைத் திறப்பதும் பம்பைப் போடுவதும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சோப்பு போக அலசிய பிறகே தொட்டியைத் தொடுங்கள். ஃபில்டரில் புதிய ஆக்டிவேட்டட் கரி போடுங்கள், கரி இந்த மருந்தை நன்றாகப் பிடிக்கும். நாளைக்கு மாற்றத் தேவையான தண்ணீரை இன்று ராத்திரியே மூடியுள்ள வாளியில் பிடித்து வையுங்கள். இறால் தாவ ஆரம்பித்தால் உடனே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு இங்கே எழுதுங்கள், நான் காலையில் பார்க்கிறேன்.